கிண்ணத்தை ஆட்டினால்

நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றைக் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு முசல்லம் வந்து இறங்கியதும், வாசலில் நின்ற ஷம்ஸாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன நாஸர் வாப்பா, சிம்மாசனமா?" மகன் பேரைச் சொல்லித்தான் முசல்லத்தை அவள் கூப்பிடுவாள்.

"உங்க வீட்டு ராஜாவுக்குத்தான். மணல்ல குந்தி எழுந்திரிக்க முடியாதுன்னு போன தடவ சொன்னான்ல? இப்ப என்ன சாக்கு சொல்றான்னு பாப்போம்."

ராஜா உள்ளே மெத்தையில் சாய்ந்திருந்தார். ஷம்ஸாவின் புருஷன் ஹமூத்.

"சேதி உண்டா?" என்றார் ஹமூத்.

"சேதி ஒண்ணுமில்ல, நல்லதுதான். உங்கிட்ட?"

"இங்கயும் ஒண்ணுமில்ல."

வீடே பற்றி எரிந்தாலும் பாலைவனத்தை ஒட்டிய பிதியா ஊரில் முதல் பதில் அதுதான். உண்மையான சேதி கஹ்வா என்கிற காப்பிக்குப் பிறகுதான் வெளியே வரும்.

முசல்லத்தின் சேதி ஹமூத்துக்குத் தெரிந்ததுதான்: மணலில் இருக்கும் பழைய மரத்தடிக்கு இருவரும் சேர்ந்து போய் வர வேண்டும். வாலிபத்தில் கோடைதோறும் பேரீச்சை அறுவடைக்குக் கடற்கரையிலிருந்து ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு மணலைக் கடந்து வருவார்கள். வழியில் ஒரே ஒரு வன்னி மரம். உச்சி வெயிலுக்கு அதன் அடியில்தான் எல்லாரும் விழுந்து கிடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். போன குளிர்காலம் முசல்லம் தனியாகப் போய் அங்கே உட்கார்ந்து பார்த்தார். 'இந்தக் கிளையிலதானடா தோல்பையத் தொங்கவிட்டோம்' என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. வெறும் மரமாக இருந்தது. ஹமூத் இல்லாமல் இனி அங்கே போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

"கல்ஃபான்தான் வண்டி ஓட்டுறான்," என்று ஆரம்பித்தார் முசல்லம். கல்ஃபான் அவருடைய மச்சான், மணலில் கூடாரம் போட்டு விருந்தாளிகளைத் தங்க வைப்பவன். "டயர்ல காத்த இறக்கிட்டு, மேடு ஏறாம பள்ளத்தோடயே மெதுவாப் போவான். முன்சீட்டு உனக்கு. முதுகுக்குத் தலகாணி. ஏறி இறங்க முக்காலி. கட்டில் உயரமாப் போடச் சொல்லிட்டேன். உன் ஊசி மருந்துக்கு ஐஸ் பெட்டி. இதோ, நாற்காலியும் வந்தாச்சு."

"குளிருமே."

"மூணு கம்பளி. போதலன்னா கல்ஃபான உம் மேல படுக்கச் சொல்றேன்."

உள்ளே போய்க்கொண்டிருந்த ஷம்ஸா திரும்பி, "நான் எப்பவோ மூட்ட கட்டிட்டேன்," என்றாள்.

ஹமூத் சிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. எனக்கு வேணாம்."

முசல்லம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். எல்லாச் சாக்குக்கும் வழி பண்ணியாகிவிட்டது. இனி எதை வைத்துக் கெஞ்சுவது?

ஷம்ஸா பேரீச்சம்பழத் தட்டை எடுக்கப் போயிருந்தாள். முசல்லமே கஹ்வாவை ஊற்றினார். ஹமூத் குடித்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தை நீட்டினார். கிண்ணம் ஆடியது. கிண்ணத்தை ஆட்டினால் 'போதும், இனி ஊற்றாதே' என்று அர்த்தம். முசல்லம் அதை வாங்கித் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

திரும்பி வந்த ஷம்ஸா, "ஏன் அதுக்குள்ள வாங்கிட்டீங்க?" என்றாள்.

"ஆட்டிட்டானே."

"அவரா ஆட்டினாரு? கை ஆடுது, நாஸர் வாப்பா!"

"ஏய், சும்மா இரு," என்று சீறினார் ஹமூத். வலது கை அங்கிக்குள் ஒளிந்துகொண்டது.

பெருநாளன்று சபையில் ஹமூத் ஒரு வாய்க் கஹ்வாவோடு எழுந்து போனது முசல்லத்துக்கு இப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவரைக் காணோம். இந்தக் கையா? நடக்கிற ஒட்டகத்தின் மேலிருந்தே பக்கத்து ஒட்டகக்காரனுக்குக் கஹ்வா ஊற்றி நீட்டிய கையாயிற்றே. ஒரு சொட்டு மணலுக்குப் போகாது.

"இன்னும் ஊத்துன்னு வாயத் திறந்து கேக்கக் கூடாதாடா?"

"கேக்கவா? எங்க வாப்பா யாருக்கிட்டயாவது கேட்டுக் குடிச்சாரா? நாலு பேரு முன்னால, அந்த மரத்தடியில, ஒரு கிண்ணத்தோட நாக்கு வறண்டு உக்காரச் சொல்றியா? கட்டில்ல படுக்க வெக்கிறானாம், கட்டில்ல!"

முசல்லம் தாடியைத் தடவினார்.

"சரி, அந்த மரம் நம்ம மரம். சட்டமும் நம்ம சட்டம். அங்க ஆட்டினா 'ஊத்து'ன்னு அர்த்தம். போதும்னா கவுத்து வெச்சிரணும்."

"பைத்தியக்காரா."

"வர்றியா?"

ஹமூத் சன்னல் வழியே காரின் கூரைமேல் இருந்த நாற்காலியைப் பார்த்தார். "அந்தக் கருமத்தக் கூரையில கட்டிட்டு வந்தா வரமாட்டேன். உள்ள வெச்சு எடுத்துட்டு வா."

குளிர்கால வெயிலில் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கிளை ஒடிந்திருந்தது. "இதுலதானடா தோல்பையத் தொங்கவிட்டோம்," என்றார் ஹமூத், முசல்லம் வாயைத் திறப்பதற்கு முன்பே.

கல்ஃபானிடம் சட்டத்தை யாரும் சொல்லவில்லை. அவன் ஒரு கிண்ணம் குடித்து ஆட்டினான். ஷம்ஸா ஊற்றினாள். பதறிப்போய் அதையும் குடித்து, இன்னும் பலமாக ஆட்டினான். விளிம்பு வரை ஊற்றினாள்.

"அக்கா, போதும்! வண்டி ஓட்டணும், வயிறு வெடிச்சிரும்!"

"பின்ன ஏன்டா ஆட்டுற, பேராசக்காரா?" என்றார் ஹமூத். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முசல்லம் கெண்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். ஹமூத் கிண்ணத்தை நீட்டினார். அது ஆடியது. முசல்லம் ஊற்றினார்.