வாப்பா தட்டிய கடவுச்சொல்

காத்தான்குடித் தையற்காரர் பதியுதீனின் லினக்ஸ் கணினியில், வாடிக்கையாளர்களின் அளவுகளைச் சேமிக்கத் தரவுத்தள சேர்வரை நிறுவினாள் மகள் நிஸ்றா. கடவுச்சொல் கேட்டபோது, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவரே தட்டினார்.

மறுநாள் சேர்வர் திறக்க மறுத்தது.

"என்ன வாப்பா போட்டீங்க?"

"உம்மாட பேர்தான் புள்ள, ஹிதாயா," என்று மனைவியின் பெயரைச் சொல்லி வெட்கப்பட்டார்.

மூன்று முறை அடித்தும் பயனில்லை.

"எனக்குக் கொப்பி போதும். அது ஒருநாளும் என்ன வாசல்ல நிப்பாட்டல்ல!" என்று அளவுக் கொப்பியை விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் உச்சியில், இறைவன் பெயரால் தொடங்கும் பிஸ்மிக்குப் பதிலாக எழுதும் 786.

நிஸ்றா நிமிர்ந்தாள். "பேருக்கு முன்னால இதையும் அடிச்சீங்களா?"

"பின்ன? அது இல்லாம எதத் தொடங்குற?"

அடித்தாள், திறந்தது. பதியுதீன் கொப்பியை மூடினார்.

"முதல்ல உம்மாட அளவப் போடு."