கையால் படித்த பரீட்சை

என் நாத்தனாருக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் வாயாடி. தகர டப்பா செய்யும் இடத்தில் அந்தப் பெயரோடு வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை! மெஷின்கள் போடும் சத்தத்தில் அங்கே யார் வாயும் எடுபடாது. காதை அடைத்துக்கொண்டு, டப்பாக்கள் ஓடும் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்று, எல்லாவற்றையும் கையால்தான் பேசிக்கொள்வோம். அவள் கையாலும் வாயடிப்பாள் என்பது வேறு விஷயம்.

மேல்மாடியில் திட்டமிடும் பிரிவில் இரண்டு இடம் காலி. சப்ளை செயின் சான்றிதழ் பரீட்சையில் தேறினால் எங்களுக்கு, இல்லையென்றால் வெளியாட்களுக்கு. போன தடவை இருவரும் மண்ணைக் கவ்வினோம். படிக்காமல் இல்லை. புத்தகம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தேன், ஒரு வரி விடவில்லை. மூடி வைத்ததும் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. "இதான் கடைசி வாய்ப்பு" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பெல்ட்டில் டப்பாக்கள் குவிந்து நின்றன. வாயாடி தன் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்து, நாக்கைத் தள்ளிக் காட்டினாள். மூச்சுதான் நின்றுவிட்டதோ என்று பதறிப் போனேன். பிறகுதான் புரிந்தது, ஒரு மெஷின் திணறினால் மொத்த வரிசையும் திணறும் என்ற பாடத்தை நடிக்கிறாள். கோடு போட்டுப் படித்தபோது மண்டையில் ஏறாத பாடம் அது. அதன்பிறகு மறக்கவே இல்லை.

அந்த வழியையே பிடித்துக்கொண்டோம். அவசரத்துக்கென்று வைக்கும் கூடுதல் கையிருப்புக்கு வயிற்றைத் தடவுவது. சரக்கு வரும்வரை காத்திருக்கும் காலத்துக்கு ஒரு கொட்டாவி. கடையில் கொஞ்சமாகக் கூடிய தேவை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டிக் கேட்கக் கேட்க, தொழிற்சாலைக்கு வரும்போது மலையாகிவிடுமே, அந்தச் சாட்டை விளைவுக்கு விரலில் தொடங்கித் தோள்வரை ஒரு வீச்சு. சரக்கு அனுப்பியாச்சு என்பது மட்டும் லாரிக்காரர்களிடம் சுட்டது: வண்டியின் பக்கவாட்டில் படபடவென்று இரண்டு தட்டு. தட்டினால் வண்டி கிளம்பும். அவள் கேள்வியைக் காட்டுவாள், நான் புத்தகம் பார்க்காமல் பதிலைக் காட்டவேண்டும். தப்பானால் மறுநாளும் அதே கேள்வி.

"பாத்திரம் கழுவும்போது எதுக்கு சாட்டை வீசுறீங்க ரெண்டு பேரும்?" என்று என் கணவர் மிரண்டுபோய்க் கேட்டார்.

பரீட்சையன்று, கம்ப்யூட்டர் திரையில் எனக்கு முதலில் வந்ததே சாட்டை விளைவுதான். கை தானாக எழுந்து வீசியது. எதிர் வரிசையில் வாயாடி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"கையில பதில் சொல்லிக்கிறீங்களா? ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

"சார், அவளுக்கு வேற கேள்வி, எனக்கு வேற கேள்வி. நீங்களே பாருங்க."

பார்த்தார். வேறு வேறுதான். "சரி. ஆனா கை அசையக் கூடாது."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், படித்ததெல்லாம் கையோடு சேர்ந்து அங்கேயே நசுங்கிவிட்டது. மேல்மாடி நாற்காலி கண்ணெதிரே கைநழுவிப் போகிறது. எனக்குக் கோபம் வந்தால் வெட்கம் பறந்துவிடும். எழுந்து நின்றேன்.

"சார், எங்களை ஆளுக்கொரு மூலையில, சுவரைப் பாத்து உக்கார வைங்க. கையை மட்டும் விட்டுடுங்க. கை ஓடலன்னா எனக்கு மூளையும் ஓடாது."

என்ன நினைத்தாரோ, ஒத்துக்கொண்டார். அப்புறம் நடந்தது பெரிய கூத்து. நான் சாட்டை வீசுகிறேன், கொட்டாவி விடுகிறேன், வயிற்றைத் தடவுகிறேன். மறு மூலையில் அவள் தொடையைத் தட்டி லாரி அனுப்பும் சத்தம் கேட்கிறது. என் பின்னாலேயே காவல் நின்ற கண்காணிப்பாளர் கடைசியில் தானும் வயிற்றைத் தடவ ஆரம்பித்தது திரையில் நிழலாகத் தெரிந்தது.

திரையில் 'தேர்ச்சி' என்று வந்ததும் வெளியே ஓடினேன். வாயாடி எனக்கு முன்பே தெருவில் நின்றாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. தோற்றுவிட்டாளோ என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னடி ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

அவள் திரும்பி, பக்கத்தில் நின்ற பேருந்தைப் படபடவென்று இரண்டு தட்டுத் தட்டினாள். சரக்கு அனுப்பியாச்சு, அவளும் தேறிவிட்டாள்! பேருந்து கிளம்பிப் போயே போய்விட்டது. நாங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய பேருந்து அது.

நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணி, மேல அந்த ரூம்ல சத்தமே இருக்காதே. அங்க நாம எப்படிப் பேசிக்கிறது?"

"வாயாலதான்டி."

 அப்புறம் பேச ஆரம்பித்தவள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை.