தலை தெறித்த திருகாணி

நூர்ஜானின் கடையில் திருகாணி, போல்ட், நட்டு தவிர வேறொன்றும் கிடைக்காது. பிராங்கின் சாலையில் பெயின்டும் குழாயும் விற்கும் பெரிய கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் கடை. அளவைச் சொல்லிக் கேட்டால் உடனே எடுத்துத் தந்துவிட மாட்டாள். எங்கே போடப் போகிறீர்கள் என்று கேட்பாள்.

அந்தச் சனிக்கிழமை மதியமும் ஒரு சீனப் பெரியவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குக் கர்னி கடலோரத்தில் வீடு, பால்கனி கம்பிக்குத் திருகாணி வேண்டும். சமையலறை அலமாரிக்குப் போட்டதையே இதற்கும் தா என்றார். உப்புக் காற்றில் அது ஆறு மாதத்தில் தேநீர் சிந்தியதுபோலக் கறை பிடித்துவிடும் என்று மலாயில் சொல்லி, வேறு ரகத்தை எடுத்து வைத்தாள். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். அதே பளபளப்பு, தலையில் அதே ஆறுமுனை நட்சத்திரக் குழி. பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பாமலேயே வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்குப் பின்னால் கோகுலன் நின்றிருந்தான். வீடு, கடைகளைப் புதுப்பித்துத் தரும் குத்தகைக்காரன். பல வருட வாடிக்கை.

"அக்கா, இதே மாதிரி ஒரு டப்பா குடுங்க. ஸ்டார் வாய், த்ரீ ஒன் சிக்ஸ், கடலோரத்துக்குப் போடுற அந்த ஒசந்த ஸ்டீலு."

அவன் உள்ளங்கையில் ஒரு திருகாணியின் தலை மட்டும் இருந்தது. உடல் கழுத்தோடு முறிந்து போயிருந்தது. நூர்ஜான் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நட்சத்திரக் குழி புதிதுபோலக் கூர்மையாக இருந்தது. துரு இல்லை. விளிம்பில் மட்டும் லேசான பழுப்பு.

"எங்க கெடந்துச்சு இது?"

"ஷாஹிராவோட நீச்சல் ஸ்கூல்ல. தஞ்சோங் தோக்கோங்ல சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்கள்ல, நான் செஞ்ச எடம்தான். போன வாரம் கொளத்து ஓரத்துல ரமணி காலுல குத்திருச்சு. எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுத்தா."

ரமணி அவன் மனைவி.

"அங்க வெளிய போட்ட மரத் தரைக்குத்தானே என்கிட்ட வாங்குன?"

"ஆமா. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நல்ல சாமான், துரு பிடிக்காது, அதான் உள்ள சிலிங்குக்கும் அதையே போட்டுட்டேன். மரப்பலகை சிலிங், நல்ல கனம். நான்தான் மிஷின்ல ஓவரா முறுக்கியிருப்பேன் போல. ஸ்டார் வாய்ல மிஷின் முனை நழுவாதுல்ல, அது பாட்டுக்கு இறுக்கிட்டே போவும்."

நூர்ஜான் முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதிகமாக முறுக்கியிருந்தால் அன்றைக்கே, அவன் கையிலேயே முறிந்திருக்கும். முறிந்த இடம் வெற்றிலையைக் கசக்கியதுபோலச் சுழித்திருக்கும். இது அப்படி இல்லை. மண்சட்டி விண்டதுபோல, சொரசொரவென்று, உள்ளே கறுத்து இருந்தது.

ஜுருவில் மொத்த வியாபாரி ஒருமுறை கூட்டம் வைத்திருந்தார். ராமதாஸ் என்ற பொறியாளர் பேசினார். மூடிய நீச்சல் குளங்களைப் பற்றி ஏதோ சொன்னார். குளோரின் ஆவி மேலே போய் உலோகத்தில் படியும், யாரும் அதைக் கழுவ மாட்டார்கள், கனம் தொங்கும் திருகாணிக்குள் மயிரிழை போல விரிசல் ஓடும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். ஒரு நாள் விழும், முன்னறிவிப்பே இராது. சாப்பாட்டு நேரமாகியிருந்ததால் அவள் அரைக்காதோடுதான் கேட்டாள். எந்த ரகத்துக்கு அப்படி ஆகும் என்று சொன்னார்? மலிவானதற்கு மட்டுமா, இதற்குமா? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"அந்த ஹாலுக்கு ஜன்னல் இருக்கா தம்பி?"

"கண்ணாடி இருக்கு, தொறக்க மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்கல்ல, தண்ணி சூடாவே இருக்கணும். உள்ள போனாலே கண்ணு எரியும்."

"மேல எப்பவாச்சும் கழுவுனாங்களா?"

"சிலிங்க யாருக்கா கழுவுவா?" என்று சிரித்தான்.

"இப்ப அங்க கிளாஸ் நடக்குதா?"

"சனிக்கிழமைதானே, நடக்கும். ரமணியும் பாப்பாவும் இப்ப அங்கதான்..."

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. நூர்ஜானின் முகத்தை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான்.

"ஏன்க்கா?"

"எனக்குச் சரியாத் தெரியல. நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம். ஆனா இப்பவே போவோம்."

கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவனுடைய வேனில் ஏறினாள். பர்மா சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கோகுலன் ரமணிக்கு அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குளத்தில் இறங்குகிறவர்கள் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். நீச்சல் பள்ளி எண்ணும் எடுபடவில்லை. மறுபடியும் ரமணிக்கு அழைத்தான்.

நூர்ஜான் ராமதாஸை அழைத்தாள். அவரும் எடுக்கவில்லை. திருகாணித் தலையைப் படமெடுத்து, எங்கே இருந்து விழுந்தது என்று எழுதி அனுப்பினாள். பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு முன்னால் நின்ற பேருந்தின் முதுகையே பார்த்தாள். நான் நினைப்பது தவறாக இருந்தால் ஒரு பெண்ணின் தொழிலைக் கெடுத்தவளாவேன் என்று ஒரு பக்கம் பயம். தவறாக இல்லையென்றால், இந்த நெரிசலில் நிற்க வைக்கும் ஒவ்வொரு சிக்னல் விளக்கும்... அதற்கு மேல் நினைக்க அவள் மனம் மறுத்தது.

"எல்லாத்தையும் நானே இறுக்கினேன்க்கா," என்றான் கோகுலன். "ஒண்ணுகூட லூசா விடல."

புலாவ் திக்குஸ் பகுதியைத் தாண்டியபோது ராமதாஸே அழைத்தார்.

"அந்த எடத்துல இப்ப யாராச்சும் இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பிள்ளைங்க இருக்காங்க சார். இது த்ரீ ஒன் சிக்ஸ். அதுக்கும் ஆகுமா?"

"ஆகும். வெளிய தரைக்கு அது போதும், மழை கழுவிடும். உள்ள, தலைக்கு மேல, கனம் தொங்குற எடத்துக்கு அது கூடவே கூடாது. ஒண்ணு விழுந்திருச்சுன்னா மத்தது எப்படி இருக்குன்னு பாத்தெல்லாம் சொல்ல முடியாது. யாரையும் அடியில நிக்க விடாதீங்க."

பேச்சு கோகுலனுக்கும் கேட்டது. அவன் வேனைப் பேருந்துத் தடத்தில் திருப்பினான்.

நீச்சல் பள்ளியின் முன்கூடத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீலத் தண்ணீர். தாய்மார்கள் குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வட்டமாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். மேலே தேன் நிறத்தில் மரப்பலகைகள், அவற்றின் வரிசையில் திருகாணித் தலைகள் சின்னச் சின்னதாக மின்னின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் நூர்ஜானுக்கு எல்லாவற்றையும்விட அச்சமாக இருந்தது.

ஷாஹிரா மேசையிலிருந்து எழுந்து வந்தாள். இந்தப் பள்ளிக்காக வங்கி வேலையை விட்டவள். கோகுலன் சொன்னதைக் கேட்டுவிட்டு மேலே பார்த்தாள்.

"புதுசு மாதிரி இருக்கு, கோகுலன். நீங்கதானே பத்து வருஷத்துக்குக் கவலையே வேணாம்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்."

"கிளாஸ் முடியட்டும். இப்ப போயி சிலிங் விழப் போகுதுன்னு சொன்னா எல்லாரும் ஓடுவாங்க. ஈரத் தரை. கையில பிள்ளைங்க. விழுந்து வைக்கப் போறாங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோகுலன் கத்த வாயெடுத்தான். நூர்ஜான் அவன் கையைப் பிடித்தாள்.

"ஷாஹிரா, தண்ணியில மருந்து கூடிப்போச்சு, கண்ணெல்லாம் எரியும், வெளிய வாங்கன்னு சொல்லும்மா. யாரும் ஓட மாட்டாங்க. பின்னால என்னைத் திட்டிக்க."

ஷாஹிரா அசையவில்லை. அவளுக்கும் பயம்தான், ஆனால் எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

நூர்ஜான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சூடான ஈரக்காற்று முகத்தில் மோதியது. கண் எரிந்தது. தலைக்கு மேல் இருப்பதைப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் உச்சந்தலைத் தோல் சுருங்கியது, தோள்கள் தாமாகவே காதுவரை ஏறின. குளத்தின் விளிம்பில் குனிந்து, வீட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ரமணி, பாப்பாவத் தூக்கிட்டு வாம்மா. கோகுலன் வெளிய நிக்குது."

ரமணி திரும்பினாள். எதிர்பாராத இடத்தில் அறிந்த முகத்தைக் கண்ட வியப்பு. கண்ணாடிக்கு அப்பால் கணவன் நிற்கும் நிலையைப் பார்த்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு படியேறினாள்.

அதற்குள் ஷாஹிரா பின்னாலேயே வந்துவிட்டாள். கைதட்டி, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, மருந்து அளவு கூடிவிட்டது, எல்லாரும் மெதுவாக வெளியே வாருங்கள், இன்றைய வகுப்பை இன்னொரு நாள் தருகிறேன் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள்.

யாரும் ஓடவில்லை. யாரும் அவசரப்படவும் இல்லை. ஒரு தாய் குழந்தையின் மிதவையைத் தேடினாள். ஒரு குழந்தை வெளியே வரமாட்டேன் என்று அலறியது. ஒருவர் தண்ணீருக்கு நடுவிலேயே நின்று, முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஷாஹிராவிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய மகன் அவர் தோளில் உட்கார்ந்து மேலே கையை நீட்டிப் பலகைகளைக் காட்டிக்கொண்டிருந்தான்.

நூர்ஜான் படியருகே நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றிவிட்டாள். ஈரமான சின்னக் கைகள், வழுக்கும் சின்னக் கால்கள். சீக்கிரம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். வாய்க்குள் ஓதத் தொடங்கி, பாதியில் வரி மறந்து, மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

கடைசி ஆள் வெளியேறியதும் ஷாஹிரா கதவைச் சாத்தினாள். பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டே உடைமாற்றப் போனார்கள். குழந்தையை ரமணியிடமிருந்து வாங்கிய கோகுலன், ஈரத்தோடு அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எல்லாரும் போன பிறகு ஷாஹிரா கேட்டாள். "இப்ப சொல்லுங்க. நிஜமாவே அப்படியா? இல்ல, சும்மா ஒரு சந்தேகமா?"

கோகுலன் குழந்தையை ரமணியிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். வேனிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து கதவோரச் சுவரில் சாய்த்து, சுவரை ஒட்டிய கடைசிப் பலகைவரை ஏறினான். மிஷின் வேண்டாம் என்று கைத்திருப்புளியைத்தான் எடுத்துப்போனான். நட்சத்திர முனை குழிக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. அவன் திருப்பவே இல்லை. லேசாக அழுத்தினான். தலை தனியாகக் கழன்று திருப்புளி முனையோடு வந்தது.

அடுத்ததைத் தொட்டான். அது இறுகப் பிடித்திருந்தது. அதற்கடுத்தது கழன்று தரையில் விழுந்து ஓடியது. ஓடுகளில் அது உருளும் ஓசை கூடம் முழுக்கக் கேட்டது.

"எறங்கு," என்றாள் ரமணி, குரலே இல்லாமல். "எறங்கி வா."

மறுநாள் ராமதாஸ் ஆட்களோடு வந்தார். யாரும் பலகைக்கு அடியில் நிற்காதபடி பக்கத்திலிருந்தே சாரம் கட்டி, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நடுவரிசைக்கு வரும் முன்பே, மேலே ஏதோ உளுத்த கிளை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நீளமான பகுதி ஒன்று ஒரு முனையில் தொங்கி, ஆடி, மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தது. நேற்று தாய்மார்கள் வட்டமாக நின்ற இடம். அலை எழும்பிக் கண்ணாடிச் சுவரை அடித்தது. வெளியே நின்றிருந்த ஷாஹிரா தரையில் மண்டியிட்டு வாந்தியெடுத்தாள்.

நடந்ததை அவள் பெற்றோரிடம் மறைக்கவில்லை. எல்லாருக்கும் உள்ளபடியே எழுதினாள். சிலர் திட்டினார்கள், சிலர் நன்றி சொன்னார்கள், பலர் பதிலே போடவில்லை. கோகுலன் தான் செய்த மற்ற இடங்களுக்கெல்லாம் போய் மேலே பார்த்துவிட்டு வந்தான். குழந்தை இருமினால்கூட இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று ரமணி சொன்னாள்.

ஷாஹிரா திரும்பவும் திறக்கச் சில மாதங்கள் ஆயின. குளத்துக்கு மேல் எதையும் தொங்கவிட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். அதற்கென்றே தனி உலோகத்தில் திருகாணி வரவழைக்கலாம் என்றார் ராமதாஸ். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். விளக்குகள் சுவருக்குப் போயின. கூரையின் உத்திரங்கள் வெறுமனே தெரிந்தன. காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள் ஓடின.

முதல் வகுப்பு நாளில் நூர்ஜானையும் அழைத்திருந்தாள். அவள் போனாள். கண்ணாடிக்கு அப்பால் ரமணி குழந்தையோடு தண்ணீரில் இறங்கினாள். மற்ற தாய்மார்கள் குழந்தைகளின் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். ரமணி மட்டும் நொடிக்கொருமுறை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் பார்த்தாள்.

"உள்ள வாங்கக்கா," என்று ஷாஹிரா கதவைத் திறந்து பிடித்தாள்.

நூர்ஜான் ஒரு காலை வாசல்படிக்கு அப்பால் வைத்தாள். சூடான காற்று முகத்தில் பட்டது. தோள்கள் தாமாக ஏறின.

"இங்கயே நிக்கிறேம்மா," என்றாள். "இங்கேருந்து நல்லாத் தெரியுது."