ஆறும் வரை கழட்ட வேண்டாம்

“அண்ணே, குழாயக் கொஞ்சம் மூடுங்க,” என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா, மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

ராமையா மூடினார். ஈப்போவின் புந்தோங்கில் அந்த வரிசை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில், கயிறு கட்டிப் பூப்போட்ட சாரோங்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் காளியம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். திறக்கச் சொன்னால் திறப்பது, மூடச் சொன்னால் மூடுவது. மனைவி இறந்த அன்று அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். அதை விட்டுவிட மனமில்லாமல் குழாயின் பக்கத்திலேயே நின்றார்.

மற்றதெல்லாம் தண்ணீருக்கடியில் நடந்துகொண்டிருந்தது. லகாட்டில் சிறுவனாக இருந்தபோது ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையில் காது முங்க மல்லாந்து கிடப்பார். கரையில் நிற்கிறவர்கள் கத்துவது எங்கோ அடியாழத்திலிருந்து கொழகொழவென்று வரும். இன்றும் அப்படித்தான் இருந்தது. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். வாய்கள் அசைந்தன. தெருக்கோடிக்கு அப்பால் சுண்ணாம்பு மலை மழைமூட்டத்தில் அடிவாரம் இல்லாமல் மிதந்தது.

“கீழ்த்தோடு கழண்டிருச்சு, மூக்குத்தி கழண்டிருச்சு. இந்த மேல்காதுல இருக்கிறது மட்டும் வரமாட்டேங்குதுண்ணே. கொக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னா சாமான் இது?”

“விடு முத்தம்மா. அதக் கழட்டாத.”

“எல்லாத்தையும் கழட்டித்தானண்ணே அனுப்பணும்?”

“அது இன்னும் ஆறல.”

முத்தம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள். “சரிண்ணே. தண்ணி விடுங்க.”

காலையில் கண் விழித்தபோது காளியம்மா இடப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதுதான் அவருக்கு முதலில் உறைத்தது. மேல்காதில் குத்திக்கொண்ட நாளிலிருந்து அவள் இடப்பக்கம் படுத்ததே இல்லை. தப்பித் தவறித் திரும்பினாலும் காது நசுங்காமல் இருக்க, பஸ் பயணத்துக்குக் கழுத்தில் மாட்டுகிற வளையத் தலையணை ஒன்று வாங்கி, அதன் நடு ஓட்டையில் காதை விட்டுத்தான் தூங்குவாள். அந்தத் தலையணை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. “ஏய், காது!” என்று அதட்டித் தோளைத் தொட்டார். தோள் குளிர்ந்திருந்தது.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காளியம்மா முப்பது வருடம் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவள். உள்ளே போகும்போது தோடு கூடாது, வளையல் கூடாது. தலையோடு காதையும் சேர்த்து வலைத்தொப்பிக்குள் திணித்துக்கொள்ள வேண்டும். “காதே இல்லாம வேல செஞ்சவ நானு,” என்பாள். ஓய்வு பெற்றபின் ஒருநாள் ராமையாவோடு பேரங்காடிக்குச் சோறாக்கும் மின்சாரச் சட்டி வாங்கப் போனவள், ஒரு கடை வாசலில் நின்றுவிட்டாள். கண்ணாடியில் ஆளுயரத்துக்கு ஒரு காதுப் படம். அதில் புள்ளி புள்ளியாகப் பெயர்கள்.

கடையில் இருந்த பெண்ணின் பெயர் தேவிஸ்ரீ என்று சட்டையில் குத்தியிருந்தது. காதிலும் பாக்கி இடமில்லாமல் குத்தியிருந்தது.

“இது லோப் ஆன்ட்டி, எல்லாரும் குத்துற எடம், சீக்கிரம் ஆறிரும். மேல இது ஹீலிக்ஸ். குழியா இருக்கிறது கொன்ச். இந்தச் சின்ன மூடி மாதிரி இருக்கே, இது ட்ராகஸ்.”

“அடியாத்தி, ஒரு காதுக்குள்ள இத்தன தாமானா!” என்றாள் காளியம்மா.

ராமையா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. புதுக் குடியிருப்பில் வீடு பார்க்க வந்தவள்போல ஒவ்வொரு தாமானையும் நிதானமாகப் பார்த்து, கடைசியில் மேல்விளிம்பில் விரலை வைத்தாள். “இங்கதான். தொப்பியோட ரப்பர் அழுத்திக்கிட்டே கெடந்த எடம்.”

“அது குருத்தெலும்பு ஆன்ட்டி. காது குத்துற துப்பாக்கில அடிச்சா நொறுங்கிரும், நாங்க ஊசிலதான் குத்துவோம். ஆற ஆறு மாசம், எட்டு மாசம்கூட ஆகும். பொறும வேணும்லா.”

“முப்பது வருசம் பொறுத்தாச்சு.”

தேவிஸ்ரீ கறுப்புக் கையுறை மாட்டினாள். காளியம்மா அந்தக் கையைப் பிடித்து மணிக்கட்டு விளிம்பை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “மெலிசா இருக்கு. எங்க லைன்ல இது ரிஜெக்ட்.” அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் வேறு ஜோடி மாட்டிக்கொண்டாள்.

தட்டில் இரண்டு தோடுகள். இரண்டும் கொத்தமல்லி விதை அளவுதான். டைட்டேனியம், சீழ் வைக்காது, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால்கூடக் கழட்ட வேண்டாம், காந்தம் இழுக்காது என்றாள் தேவிஸ்ரீ. ஒன்று வெள்ளை. மற்றது மயில் கழுத்து நீலம்; சாயமில்லை, டைட்டேனியம் சூடேறினால் தானே வருகிற நிறம் என்றாள். காளியம்மாவின் கை நீலத்துக்குப் போனது.

“இந்த வயசுல நீலமா? பாக்கிறவன் என்னா சொல்லுவான்?” என்றார் ராமையா.

கை வெள்ளைக்கு வந்தது. தேவிஸ்ரீ சொன்னாள். “பரவால்ல ஆன்ட்டி, ஆறின பெறகு வாங்க, நீலம் மாத்தித் தரேன். அதுவரைக்கும் கழட்டவே கழட்டாதீங்க. ஆறாத ஓட்டை சட்டுனு மூடிக்கும்.”

காதுக்குப் பின்புறம் யாருக்கும் தன் கண் எட்டாது. அதனால் பராமரிப்பு ராமையாவின் கைக்கு வந்தது. காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டில் துடைக்கக் கூடாது, துண்டில் அழுக்கிருக்கும். கையைக் காற்றில் உலரவிட்டு, உப்புத்தண்ணீர்க் குப்பியால் முன்னும் பின்னும் பீச்சி, டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். திருகக் கூடாது. முத்தம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்தபோது, கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கி, அவள் தலை மறைந்ததும் கொட்டினார். நாற்பது வருடம் லோரி ஓட்டிய கை அது. எஞ்சினைத் தவிர எதையும் அவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. காளியம்மாவின் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“முடிஞ்சிச்சா?” என்பாள் அவள், கண்ணை மூடியபடி.

“இரு, இன்னும் கொஞ்சம்,” என்பார், முடிந்த பிறகும்.

பெட்டி கூடத்துக்கு வந்தது. கோடிச் சேலை எடுத்துக்கொண்டு காளியம்மாவின் அண்ணன் தர்மேந்திரனும் வந்தார். கூடவே ஒரு படப்பிடிப்பாளர்.

தர்மேந்திரன் தமிழர் பண்பாட்டுக் காப்பு மன்றத்தின் தலைவர். மன்றத்தில் உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை பதவிகள் உண்டு, யாரும் மனம் வருந்தக் கூடாதென்று. ‘பண்பாட்டுச் செம்மல்’ என்ற பட்டத்தை அந்த மன்றம் அவருக்கு ஒருமனதாக வழங்கியது. வழங்கும்போது தலைமை வகித்தவரும் அவரே. அவருடைய அடையாளம் காதில் மின்னும் வைரக் கடுக்கன். மேடையில் கடுக்கன் கூட்டத்துக்குத் தெரிகிற கோணம் பார்த்துத்தான் நிற்பார். போன பொங்கலுக்குக் காதுகுத்தின் அறிவியல் பற்றிப் பேசினார். எந்த நரம்பில் குத்தினால் எந்த நோய் போகும் என்று விளக்கி, “தாய்மாமன் மடியில் உட்கார்ந்து நான் காது குத்திக்கொண்ட அந்த வலி, இன்றும் என்னைத் தமிழனாக வைத்திருக்கிறது,” என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமானது. காளியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் பேச்சில் உருகிவிட்டாள் என்றுதான் ராமையா அன்று நினைத்தார்.

தர்மேந்திரன் சேலையைத் தங்கையின்மேல் போர்த்தினார். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை போர்த்தினார். அப்போது முடி விலகியது.

“என்ன இது?”

முத்தம்மா ராமையாவைப் பார்த்தாள்.

“மாப்ள, என்னா இது? மேல்காதுல… டிஸ்கோக்குப் போற பிள்ளைங்க மாதிரி?”

“ஹீலிக்ஸ்,” என்றார் ராமையா.

“அம்மா எப்பப்பா குத்துனாங்க?” கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த மகள் தினேஸ்வரி அழுகையை நிறுத்திக் கேட்டாள்.

“நாந்தான் கூட்டிட்டுப் போனேன்.”

தர்மேந்திரன் குரலைத் தாழ்த்தினார். மைக் இல்லாத இடத்தில் அவர் குரலுக்கு என்ன செய்வதென்று தெரியாது, அதனால் தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. “மன்றத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க மாப்ள. பேப்பர்ல படம் வரும். சுமங்கலியா போறவ. கழட்டிருங்க.”

“வேணாம் மச்சான்.”

“செத்த ஒடம்புக்கு எதுக்கு?”

“அவ கழட்டச் சொல்லல. அது இன்னும் ஆறல.”

“ஆறலயா?” தர்மேந்திரன் சுற்றிலும் பார்த்தார், இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, எல்லோரும் சாட்சி என்பதுபோல. “எப்பய்யா ஆறும் இனிமே?”

ராமையாவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தச் சின்ன ஓட்டை மூடிக்கொள்ள அவர் விடுவதாக இல்லை. அவளுக்கென்று அவர் செய்து முடிக்க வேண்டிய வேலையில் மீதியிருந்தது அது ஒன்றுதான்.

“அப்பா,” என்றாள் தினேஸ்வரி, கையைப் பிடித்து. “மாமாகூட சண்ட வேணாம்பா. இன்னிக்கி வேணாம்.”

படப்பிடிப்பாளர் அதற்குள் காருக்குப் போய், கம்பி வெட்டுகிற இரும்பு பிளாயரை எடுத்து வந்துவிட்டார். பண்பாட்டைக் காக்க அதுதான் அகப்பட்டது. தர்மேந்திரன் அதை வாங்கிக்கொண்டு, பெட்டியின்மேல் குனிந்து, தங்கையின் காதைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் தலைவர் முகமாக இல்லை. கண்ணில் நீர் முட்டியது. மூக்குக்கண்ணாடி வழுக்கியது. பிளாயர் பிடித்த கையாலேயே கண்ணாடியை மேலே தள்ளினார்.

டக்.

கடுக்கனைக் காதில் காணோம். பிளாயரின் மூக்கில் மின்னிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துக் காந்த வில்லை காலருக்குள் உருண்டுபோயிற்று. அவருடைய காதுமடல் பிறந்த பிள்ளையினுடையதைப்போல வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

எதிரே நின்ற முத்தம்மா சட்டென்று குனிந்து ஊதுபத்தியைத் தூண்டிவிடத் தொடங்கினாள். அவள் தோள் குலுங்கியது. அந்தக் குலுங்கலை ராமையா எங்கோ பார்த்திருக்கிறார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு காளியம்மா. ‘எங்கண்ணனுக்குக் காது குத்த வந்தப்ப, புடிக்க முடியாம எஸ்டேட்டு பூரா தேடுனாங்க,’ என்று எப்போதோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “ஒண்ணுமில்லங்க,” என்றது இப்போதுதான் காதில் விழுந்தது, தண்ணீருக்கு வெளியே, தெளிவாக.

ராமையா மெல்ல பிளாயரை வாங்கினார். அதிலிருந்து கடுக்கனைப் பிரித்தெடுத்தார். மச்சானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

“பத்திரமா வச்சிக்கிங்க மச்சான்.”

தர்மேந்திரன் மூடிய கையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முடிய கொஞ்சம் இழுத்து விட்டுட்டா… தெரியாது.”

“தெரியாது,” என்றார் ராமையா.

மன்றத்து ஆட்கள் வந்தபோது தர்மேந்திரன் இரங்கல் உரையை நெடுநேரம் ஆற்றினார், இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு. துக்கத்தில் தலைவருக்குக் காது வலியே வந்துவிட்டது என்று செயலாளர் மெல்லிய குரலில் வியந்தார்.

பெட்டியை மூடுமுன், “யாராச்சும் பாக்கணும்னா பாத்துக்குங்க,” என்றார்கள். ராமையா வரவில்லை. பின்கட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் ஈரக் கைகளை முன்னால் நீட்டியபடி வந்தார். முத்தம்மா துண்டை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார். தினேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள், அந்தக் கைகளைப் பார்த்தாள். அலமாரிக்குப் போய், தேடி, உப்புத்தண்ணீர்க் குப்பியையும் டிஷ்யூப் பெட்டியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

முடியை ஒதுக்கி முன்பக்கம் பீச்சினார். காதுமடலை வளைத்துப் பின்பக்கம் பீச்சினார். மச்சத்தின்மேல் ஒரு துளி நின்றது. ஒற்றி எடுத்தார்.

“முடிஞ்சிச்சாண்ணே?” என்றாள் முத்தம்மா, அழுதுகொண்டே.

“இரு. இன்னும் கொஞ்சம்.”

மறுநாள் காலை சாம்பல் எடுக்கப் போனார்கள். மழை விட்டிருந்தது. புகையும் மூட்டமும் கலந்து, சுடலைக்குப் பின்னால் இருந்த மலை வருவதும் போவதுமாக இருந்தது. சாம்பல் கொட்டிய தட்டின்மேல், கட்டையில் பொருத்திய காந்தம் ஒன்றை அங்கே வேலை செய்பவர் மெல்ல ஓட்டினார். பெட்டியின் ஆணிகள், திருகுகள், கைப்பிடித் துண்டுகள் எல்லாம் துள்ளி ஒட்டிக்கொண்டு போயின. காலரைக் காதுவரை தூக்கிவிட்டுக்கொண்டு வந்திருந்த தர்மேந்திரன் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

“அவ்ளோதான் அங்கிள். இனி எலும்ப எடுக்கலாம்.”

“அது என்னா, அங்க?” என்றாள் தினேஸ்வரி.

வெள்ளைச் சாம்பலில் கொத்தமல்லி விதை அளவில் ஒன்று கிடந்தது. அந்த ஆள் காந்தத்தை அதன்மேல் கொண்டுபோனார். அசையவில்லை. திரும்பவும் கொண்டுபோனார். அசையவில்லை. ராமையா குனிந்தார். நெருப்பு அதை ஒருபுறம் கறுக்க வைத்திருந்தது. மறுபுறம், சாய்த்துப் பார்த்தால், நீலமாக இருந்தது. மயில் கழுத்து நீலம்.

“எடுத்துக்குங்க அங்கிள்.”

“இருங்க தம்பி. தொடாதீங்க.”

சுவரோரமாகக் குழாய் இருந்தது. அதன் விளிம்பில் தேய்ந்த சோப்புத் துண்டு. ராமையா மணிக்கட்டுவரை நுரை போட்டுக் கழுவினார். விரலிடுக்குகளைத் தேய்த்தார். தர்மேந்திரன் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். ராமையா அதை வாங்கவில்லை. தட்டின் முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தபடி, உலரட்டும் என்று நின்றார்.