நாற்பத்தெட்டு இலக்கச் சாவி

பினாங்கில் அந்தக் கப்பல் ஏஜென்சியின் சர்வர் டிஸ்க்குகளை, திருடுபோனாலும் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைத்த கம்ப்யூட்டர்காரன் நான்தான். மதர்போர்டை மாற்றியதும் சர்வர் நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கேட்டது. அதைத் தாளில் அச்சடித்து, எல்லோரும் தவ்கே என்று கூப்பிடும் முதலாளி காவ் கையில் முன்பே கொடுத்திருந்தேன். ஆபீசில் யாரும் கைவைக்காத இடமென்று, இறந்துபோன அப்பாவின் படத்தடியில் வைத்திருக்கிறார். சீனர்களின் பேய் மாதப் பூஜையில், இறந்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கும் காகிதப் பணத்தோடு கிளார்க் சியூ லான் அந்தத் தாளையும் எரித்துவிட்டாள்.

“பெரியவருக்கு அனுப்புறதுன்னு நெனச்சேன், தவ்கே.”

“பேக்கப் இருக்குல்ல?” என்றார் காவ் என்னிடம்.

“அதுக்கும் அதே சாவிதான் தவ்கே.” ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சடித்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காவ் அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

“உசுரோட இருந்தப்பவே ஒரு ஃபைலையும் எனக்குக் காட்டமாட்டாரு லா. இப்ப சாவியையும் வாங்கிக்கிட்டாரு.”