எச்சில் ஊறிய பட்டன்

விலகும் பட்டனில் எச்சில் ஊறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. நடைப்பயிற்சிச் செயலி ஒன்றிலிருந்து உறுப்பினர்கள் விலகிக்கொள்வதற்காக, வலைப்பக்கத்தின் அடியில் கிடந்த பட்டன் அது. அழுத்தியவர் விரலில் வெதுவெதுப்பாக, நூல்நூலாக ஒட்டியது. புளித்த வாடையும் வந்தது. முதல் வாரம் நூற்றுப் பன்னிரண்டு புகார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் போனது: உங்கள் கருத்துக்கு நன்றி.

அந்தப் பக்கத்தை எழுதியவளை அலுவலகத்தில் பட்டனம்மா என்பார்கள். நிறம், ஓரம், நிழல் பார்த்துப் பட்டன் செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை. விலகும் பட்டனை வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்தாக்கி, ஆறு பக்கங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவளும் அவள்தான். மேலாளர் சொன்னார், செய்தாள். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் நிரலை வரி வரியாகத் தோண்டினாள். பிரவுசரை மாற்றிப் பார்த்தாள். நிறத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டை முழுக்க அழித்து எழுதினாள். வலைப்பக்கம் கட்ட எல்லோரும் ஆகா ஓகோ என்ற புது ஃபிரேம்வொர்க் ஒன்றைப் பத்து நாளில் கற்றுக்கொண்டு, பக்கத்தையே அதற்குப் பெயர்த்தாள். புதுப் பக்கம் சட்டென்று திறந்தது. அதனால் எச்சிலும் சட்டென்று வந்தது. கீபோர்டு இடுக்கெல்லாம் கோழை. மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

மூன்றாம் மாதம் சித்தி ஃபோன் செய்தாள். சித்தப்பா இறந்து ஐம்பது நாளாகியிருந்தது. அவருடைய ஃபோனில் தினமும் காலை ஆறு மணிக்கு அதே செயலி, 'இன்னும் எழுந்திருக்கலையா, சோம்பேறி?' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்தலாம்னு போனா, எங்கள விட்டுப் போறீங்களான்னு ஒரு பொம்மை அழுவுதுடி. அதையும் தாண்டிப் போனா விரலெல்லாம் கோழை. கடைசி நாள்ல அவர் தொண்டையில கட்டிக்கிட்டு நின்னதும் இப்படித்தான் இருந்துச்சு." சித்தி மூச்சு வாங்கினாள். "இத எவன் செஞ்சானோ, அவன் உருப்படுவானா?"

"நான்தான் சித்தி செஞ்சேன்."

 "கைய நல்லாக் கழுவிக்கோ," என்று சொல்லிவிட்டு சித்தி வைத்துவிட்டாள்.

பட்டனம்மா கழுவவில்லை. அந்தக் கையோடேயே உட்கார்ந்து, பட்டனை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். கறுப்பு எழுத்து, சேரும் பட்டனின் அதே அளவு, ஒரே அழுத்தலில் விலகல். அழும் பொம்மையைத் தூக்கி எறிந்தாள். யாரையும் கேட்காமல் பக்கத்தை வெளியே விட்டாள். பதினொரு நிமிடத்தில் பட்டன் காய்ந்தது. முதலில் அழுத்தியது சித்தி. சாயங்காலத்துக்குள் முப்பதாயிரம் பேர் விலகினார்கள். அதில் நாலாயிரம் பேர் ஏற்கெனவே இறந்தவர்கள், அவர்களுக்காக வீட்டில் யாரோ அழுத்தியிருந்தார்கள்.

மேலாளர் ஓடிவந்து பழைய பக்கத்தைத் தன் கையாலேயே திரும்ப ஏற்றினார். எச்சில் முழங்கைவரை வழிந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன குறைஞ்சு போச்சு? பழகிடும்மா," என்றார்.

"உங்களுக்குப் பழகிடுச்சு சார். எனக்கு வாந்தி வருது," என்று எழுந்தவள் மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இப்போது ஒரு நூலகத்துக்குப் படிவங்கள் செய்கிறாள். அங்கே எல்லாப் பட்டன்களும் உலர்ந்திருக்கின்றன.

அந்தப் பழைய பக்கத்தைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் அப்படியே செய்துகொண்டன, எச்சில் உட்பட. இன்று ஃபோன் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கைத்துண்டும் வைத்துத் தருகிறார்கள். எதற்கென்று யாரும் கேட்பதில்லை.