பகல் பூட்டு

அந்தத் தெருவில் பகலில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. நாதாங்கியை மாட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பூட்டுத் தொங்கினால், வீட்டிலிருக்கிற எல்லோரும் சேர்ந்து எங்கேயோ கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கோட்டைச்சாமி மட்டும் சில மாதமாகப் பொண்டாட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். காலையில் பறித்த மல்லிகையை அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வரவேண்டும். பெத்தம்மாளுக்கோ ஞாபகம் தப்பிவிட்டது. "விட்டா மெயின் ரோட்டுக்குப் போயிருவா, லாரி வார ரோடு" என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார்.

அது பாதிதான் உண்மை. ஒருநாள் அவளையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். அவள் பூக்கடைக்காரரிடம் இவரைக் காட்டி, "இவுக யாரு? காலையிலருந்து எம் பின்னாலயே வாராக" என்று கேட்டுவிட்டாள். கடையே சிரித்தது. அன்றைக்குப் போன மானம் மனுசனுக்குத் திரும்பவேயில்லை. நாற்பது வருசம் கஞ்சி காய்ச்சி ஊற்றியவளை விட மானம் பெரிசாகிவிட்டது!

அதை நினைத்தால் அவருக்கே மனசு ஆறாது. அவள் காதில் விழக்கூடாதென்று சாவியை மெல்லத் திருப்புவார். திருடன்கூட அவ்வளவு பக்குவமாகத் திருப்ப மாட்டான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மடியில் கிடக்கிற சாவி உறுத்திக்கொண்டே வரும்.

ஒரு காலத்தில் அதே பூட்டைப் பார்த்தாலே அவருக்குச் சந்தோசம். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டை கிளம்புகிற அன்றைக்குத்தான் அது பரணிலிருந்து இறங்கும். எண்ணெய் விட்டுத் துடைத்து வைப்பார். பெத்தம்மாள் அரக்குச் சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, மஞ்சள் பையோடு வந்து நிற்பாள். ராட்டினத்தில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இவர் கையைப் பிடித்துக்கொள்வாள். இறங்கியதும், "எனக்கென்ன பயம்?" என்பாள்.

ஒரு வருசம் பூனை உள்ளே இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார்கள். பொங்கல் முடிந்து வந்து திறந்தால், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகை இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்து, கிளம்பும்போதெல்லாம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும் இல்லையே?" என்று கேட்பாள்.

"யாரிருக்கா, உங்கப்பனா?" என்று இவர் கேலி பண்ணுவார்.

அன்றைக்குப் பூப் பறித்து முடிய நேரமாகிவிட்டது. டவுன் பஸ்ஸு ஆரன் அடித்துவிட்டது. பதற்றத்தில் பூட்டை டக்கென்று அடித்துப் பூட்டிவிட்டு ஓடினார்.

மார்க்கெட் முடிந்து வந்து கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கதவுக்குப் பின்னால் பெத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். அரக்குச் சேலையைக் கோணல்மாணலாகச் சுற்றியிருந்தாள். மடியில் மஞ்சள் பை இருந்தது.

"ஏங்க, நான் வாரதுக்குள்ள பூட்டிட்டீகளே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "பஸ்ஸு போயிருச்சா?"

பூட்டுச் சத்தம் கேட்டதிலிருந்து கிளம்பி உட்கார்ந்திருக்கிறாள். கோட்டைச்சாமிக்கு அந்தப் பூனை ஞாபகம் வந்தது. வாசப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"போகல, பெத்தம்மா. அடுத்த பஸ்ஸு இருக்கு. வா, போவோம்."

கூடையில் ஒட்டிக் கிடந்த பூவைச் சேர்த்து அவள் தலையில் வைத்துவிட்டார். நாளையிலிருந்து மார்க்கெட்டுக்கும் இவளோடுதான் போவது, எவன் சிரித்தால் என்ன என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டார். அவளை வாசலில் நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி பூட்டினார்.

பெத்தம்மாள் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லையே?"

அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"இல்லத்தா. ரெண்டு பேருமே வெளியதான் இருக்கோம்."